கதவுகள் சாய்ந்த பக்கம்

அந்த வருஷம் மழை பெய்தது என்று சொல்வதைவிட, எங்கள் தெருவில் குடிவந்துவிட்டது என்று சொல்லலாம். காலையில் நான் கடை திறக்கும்போது தூறும், மத்தியானம் கொட்டும், சாயங்காலம் மறுபடியும் தூறும். வெட்டிவைத்த துணியைக் கையில் எடுத்தால் சில்லென்று இருக்கும். தைக்கக் கொடுத்தவர்கள் வாங்கிப்போக வராததால், முடிந்த உருப்படிகள் கொடியில் ஒன்றையொன்று தோளால் இடித்துக்கொண்டு தொங்கின.

எங்கள் தெரு ஒரு சரிவின் இடுப்பில் போகிறது. மேல்வரிசை வீடுகள் பாறையை ஒட்டியவை. என் தையல் கடையும் அதில்தான். எதிர்வரிசை வீடுகளுக்கு முன்வாசல் தெருவில், பின்பக்கம் சரிவில். சரிவு இறங்குகிற இடத்தில் கருங்கல்லால் ஒரு தாங்குசுவர். சுவருக்குக் கீழே ஒரே தகரக் கூரையின்கீழ் வரிசையாகச் சில குடித்தனங்கள். அதற்கும் கீழே ஓடை. மெஷினில் உட்கார்ந்து நான் தலையை நிமிர்த்தினால் எதிர்வீட்டு வாசல். கதவு திறந்திருந்தால் கூடத்தைத் தாண்டிப் பின்னாலிருந்த சமையலறை வரைக்கும் பார்வை நேராகப் போகும். அதனால் அந்த வீட்டுச் சண்டையை நான் முதல் வார்த்தையிலிருந்தே கேட்டவள்.

அந்த வீட்டில் இரண்டு ஓரகத்திகள். மூத்தவள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கைவிரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். பெரிய மெஷின்களின் இரைச்சலில் கத்திக் கத்திப் பழகி, வீட்டில் அவள் உப்பு கேட்டாலும் தெருவுக்கே கேட்கும். இளையவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். கடுகைவிடச் சின்னத் திருகுகளோடு நாள் முழுக்க மூச்சை அடக்கி வேலை செய்கிறவள். அவள் பேசினால் நாம்தான் காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டும். மூத்தவளின் புருஷன் பேக்கரியில் அடுப்பு வேலை. ராத்திரியெல்லாம் ரொட்டி சுட்டுவிட்டுப் பகலில் கட்டை மாதிரித் தூங்குவார். இளையவளின் புருஷன் லாரி ஓட்டுகிறவன். வீட்டில் இருக்கிற நாளை விட வெளியூரில் இருக்கிற நாள்தான் அதிகம். இவர்கள் எல்லாருக்கும் மேலே மாமனார். கல் உடைக்கிற வேலை பார்த்தவர், மிச்ச நேரத்தில் தானே கல் சுமந்து அந்த வீட்டைக் கட்டினவர். இடுப்பெலும்பு முறிந்து, சமையலறையை ஒட்டிய அறையில் கட்டிலோடு கிடந்தார். அவருடைய வாய் மட்டும் வீடு முழுக்க நடமாடிக்கொண்டிருந்தது.

அதற்கு முந்தைய வருஷம்தான் சமையலறையில் புதுக் கபோர்டுகள் போட்டிருந்தார்கள். பக்கச் சுவரில் மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை. கூடத்துச் சுவரை ஒட்டி, சரிவுப் பக்கத்து ஜன்னலைப் பார்த்த மாதிரி இழுப்பறைகள். எல்லாம் வெளிர்பச்சை. மூத்தவள் ஆசை ஆசையாகப் போட்டது. கதவுகளை மூடினால் இரண்டுக்கும் நடுவில் ஒரு நூலளவுதான் இடைவெளி, மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக. அதைக் காட்டுவதற்காகவே ஒருநாள் பாதித் தையலில் என்னை எழுப்பிக் கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

மழை பிடித்த கொஞ்ச நாளில் அந்த நூல் கோணிக்கொண்டது. மேல்வரிசையில் ஒரு கதவு பக்கத்துக் கதவின்மேல் தோளைச் சாய்த்தது. மூடும்போது இரண்டும் உரசி ஒரு கீறல் விழுந்தது. இன்னொன்று மூடினாலும் மூடியபடி நிற்காமல் மெல்லத் திறந்து, குனிந்து நிமிர்கிறவர்களின் தலைக்குக் காத்திருந்தது. பெரிய மருமகளுக்கு இதைப் பார்த்ததும் பொறுக்கவில்லை. சின்னவள் காலையில் அவசரத்தில் கதவை அறைந்து சாத்துகிறாள், அதுதான் காரணம் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். சமையலறையா, பஸ் ஸ்டாண்டா என்று கேட்டாள்.

சின்னவள் சண்டைக்குப் போகவில்லை. கடையிலிருந்து ஒரு திருப்புளி கொண்டுவந்தாள். லீவு நாளில் ஸ்டூல் போட்டு ஏறி நின்றாள். பொத்தான் கொடுக்கப் போன நானும் அங்கேயே நின்றுவிட்டேன்.

கதவைத் திறந்து உள்பக்கத்தை எங்களுக்குக் காட்டினாள். கதவுக்கு மேலே ஒரு கீல், கீழே ஒரு கீல். ஒவ்வொன்றிலும் இரண்டு திருகு. முன்னால் இருப்பதைத் திருப்பினால் கதவு பக்கவாட்டில் நகரும், பின்னால் இருப்பதைத் தளர்த்தினால் உள்ளேயோ வெளியேயோ போகும். மேல்கீலின் முன்திருகை அவள் ஒரு துளி திருப்பினாள். கதவின் எதிர்மூலை, தூங்கினவர் தலை தூக்குகிற மாதிரி எழுந்தது. கீழ்க்கீலை அதற்கு நேர்மாறாக ஒரு துளி. மூடிப் பார்த்தாள், கண்ணை ஒரு பக்கமாகச் சுருக்கிக்கொண்டு இடைவெளியைப் பார்த்தாள், மறுபடி திறந்தாள். அவ்வளவு பெரிய பலகை, அவ்வளவு சின்னத் திருகின் பேச்சைக் கேட்டு நகர்வதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. இழுப்பறைகளையும் முழுசாக உருவி, அவை ஓடுகிற தண்டவாளங்களைத் துணியால் துடைத்து, முகப்புப் பலகைகளை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தாள். முடித்தபோது சுவர் முழுக்க வெளிர்பச்சையில் கோடு போட்ட மாதிரி இருந்தது. மூத்தவள் எல்லாருக்கும் முதலில் சின்னவளுக்குத்தான் டீ ஊற்றினாள்.

ஒரு வாரம் தாங்கவில்லை. மறுபடி சாய்ந்தது. சின்னவள் மறுபடி திருப்பினாள். மறுபடி சாய்ந்தது. இப்போது ஆளுக்கொரு சந்தேகம். சின்னவள் வேண்டுமென்றே ஓங்கிச் சாத்துகிறாள் என்று பெரியவள். தன்னைக் குற்றவாளியாக்க அக்காதான் திருகைத் திருப்பி விடுகிறாள் என்று சின்னவள். இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. எல்லாம் மாமனார் வழியாகத்தான். உங்கள் பெரிய மருமகளிடம் அடுப்பைத் துடைக்கச் சொல்லுங்கள் என்று ஒருத்தி சொல்ல, அவர் கட்டிலில் இருந்தபடியே தபால்காரர் மாதிரி அந்தப் பக்கம் சொல்வார். போகப்போக அவருக்கு இது பிடித்துவிட்டது. போகிற வழியில் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தும் அனுப்பினார்.

கபோர்டு போட்ட தச்சரைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவர் தட்டிப் பார்த்தார், பலகையை விரலால் அழுத்திப் பார்த்தார். இந்த மழைக்கு ஊர் முழுக்கப் பலகை ஊதுகிறது, வெயில் வந்தால் சரியாகிவிடும் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. என் கடைக் கதவே இறுகிப்போய் உதைத்தால்தான் திறந்தது.

ஒரு சாயங்காலம் சின்னவள் வேலை முடிந்து நேராக என் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். குடையை மடக்கக்கூட இல்லை. "டைலரக்கா, அறைஞ்சு சாத்தினா கதவு எந்தப் பக்கம் வேணும்னாலும் போகலாம். ஆனா இது எப்பவும் ஜன்னல் பக்கம்தான் சாயுது. எல்லாக் கதவும். இது யாரோ தெரிஞ்சே பண்றது."

அவள் யாரைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. மறுநாள் பெரியவள் வந்து தன் பக்கத்து நியாயத்தைத் தெருவுக்கே சொன்னாள். எனக்குச் சலித்துவிட்டது. ஒரு ராத்திரி முழுக்கச் சமையலறையைப் பூட்டிப் போடுங்கள், சாவி என்னிடம் இருக்கட்டும், யார் கை என்று தெரிந்துவிடும் என்றேன். பேச்சுவாக்கில் சொன்னதுதான். இரண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் சின்னவள் எல்லாக் கதவையும் நேராக்கினாள். பெரியவள் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டினாள். என் கடையிலிருந்து கறுப்புத் தையல்நூல் கொண்டுபோய், ஒவ்வொரு ஜோடிக் கதவின் பிடிகளையும் சேர்த்து நானே இறுக்கிக் கட்டினேன். இழுப்பறைகளை உள்ளே தள்ளி அவற்றின் பிடிகளுக்குக் குறுக்கேயும் நூல் ஓட்டினேன். பின்கதவை உள்ளே தாழிட்டு, கூடத்துப் பக்கக் கதவைப் பூட்டிச் சாவியை என் அளவு டேப்பில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். அன்றைக்கு அவர்கள் முன்வாசலில் சின்ன அடுப்பை வைத்து உருளைக்கிழங்கு வேகவைத்தார்கள். பேக்கரியிலிருந்து வந்த ரொட்டியோடு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மழை அவர்கள் தட்டுவரைக்கும் தெறித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை டீ குடித்த கையோடு போனேன். பூட்டு சுலபமாகத் திறந்தது. கதவுதான் திறக்கவில்லை. நிலைச்சட்டத்தின் மேல்பக்கம் சிக்கிக்கொண்டு நின்றது. பெரியவள் தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினாள்.

மூன்று பேரும் உள்ளே போனோம். கட்டின நூல்களில் ஒன்றுகூட முழுசாக இல்லை. அறுந்த நுனிகள் பிடிகளில் தொங்கின. கதவுகள் எல்லாம், மேல்வரிசையும் கீழ்வரிசையும், காற்றில் ஒரே பக்கம் சாய்ந்த பயிர் மாதிரி ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தன. அடி இழுப்பறை முழுசாக வெளியே வந்து, கரண்டிகளையும் கத்திகளையும் காட்டிக்கொண்டு நின்றது. ஜன்னல் மூடியிருந்தது. உள்ளே எறும்பு வந்துபோன தடம்கூட இல்லை.

பெரியவள் முன்னால் போய் அந்த இழுப்பறையை உள்ளே தள்ளினாள். அது போய்ச் சேர்ந்தது. கையை எடுத்தாள். கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு, உள்ளே யாரோ உட்கார்ந்து ஒரு விரலால் தள்ளுகிற மாதிரி, மெதுவாக, சத்தமே இல்லாமல் வெளியே வர ஆரம்பித்தது. கடைசியில் கரண்டிகள் முன்பக்கம் சறுக்கி ஒன்றோடொன்று மோதின. அவள் மறுபடி தள்ளினாள். அது மறுபடி வந்தது.

பெரியவள் திரும்பிச் சின்னவளைப் பார்த்தாள். பேச்சு நின்றபிறகு நேருக்கு நேர் அவள் பேசினது அப்போதுதான். ஊருக்கே கேட்கிற அந்தக் குரல் எங்கே போனதோ, எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"நீ இல்ல."

"நீங்களும் இல்லக்கா."

"அப்ப யாரு?"

சின்னவள் தரையில் மண்டியிட்டு, கன்னத்தைத் தரையோடு வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல்வரைக்கும் பார்த்தாள். எழுந்தாள். "கதவு நேராத்தான்க்கா இருக்கு. நான் நேராத்தான் வச்சேன். தரைதான் ஜன்னல் பக்கம் இறங்குது. வீடு போகுது."

பின்கதவு திறக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சந்து வழியாகப் போய்ப் பார்த்தோம். தாங்குசுவரின் நடுவில் கர்ப்பிணி வயிறு மாதிரி ஒரு புடைப்பு. வீட்டுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த மண்ணில் நீளமாக ஒரு பிளவு. பெரியவள் கையை விட்டுப் பார்த்தாள். முழங்கைவரை போனது, அடி தட்டவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம், நேர்கீழே, தகரக் கூரையிலிருந்து அடுப்புப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை. எல்லாரும் வீட்டில்தான் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு யார் என்ன செய்வது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. நான் கடைக்கு ஓடி நகராட்சிக்குப் போன் போட்டேன். லீவு நாள், திங்கட்கிழமை ஆள் வரும் என்றார்கள். சின்னவள் பேக்கரிக்காரரை எழுப்பப் போனாள். பெரியவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படிக்கட்டில் இறங்கிக் கீழ்வரிசைக்குப் போனாள்.

கீழே யாரும் நம்பவில்லை. கபோர்டு கதவு சாய்ந்ததற்கா அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வரச் சொல்கிறாய் என்று சிரித்தார்கள். முதல் வீட்டில் முட்டை விற்கிற ஒருத்தி இருந்தாள். கைக்குழந்தைக்காரி. வருஷாவருஷம் மழைக்கு இந்தச் சுவர் கசியும், வருஷாவருஷம் நாங்களும் இருக்கிறோம் என்று அவள் நிதானமாகச் சொன்னாள். பெரியவள் கத்திப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில் அவள் கையைப் பிடித்து, ஒரு நிமிஷம் வந்து பார், பார்த்துவிட்டு நீ போய்ப் படுத்துக்கொள் என்று படியேற்றிக் கூட்டிவந்தாள்.

முட்டைக்காரி அந்தச் சமையலறையில் நின்றதை நான் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. பெரியவள் ஒன்றும் விளக்கவில்லை. இழுப்பறையை உள்ளே தள்ளிவிட்டு ஒதுங்கி நின்றாள். இந்தத் தடவை அது காத்திருக்கவில்லை. கை விலகினதுமே கிளம்பி, முன்னைவிட வேகமாக வந்து நின்றது. முட்டைக்காரி தானே ஒருமுறை தள்ளிப் பார்த்தாள். அது வந்து அவள் முழங்காலில் முட்டியது. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். மறு நிமிஷம் குழந்தையை என் கையில் திணித்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் படியில் இறங்கி ஓடினாள். பெரியவள் சொல்லி நடக்காதது அவள் சொல்லி நடந்தது. முட்டைக்காரி ஒரு வீடு விடாமல் கதவைத் தட்டிக்கொண்டே போனாள். தலைக்கு எண்ணெய் வைத்தபடி, கையில் சோப்பு நுரையோடு, பாதி சவரம் செய்த முகத்தோடு ஒவ்வொருவராக மேலேறி வந்தார்கள்.

மாமனார்தான் மிச்சம். நகர மாட்டேன் என்றார். அவருக்குக் கோபம் இல்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

"இந்தச் சுவத்துல இருக்கிற ஒவ்வொரு கல்லும் என் தலையில ஏறி வந்தது. என்னை விட்டுட்டு எங்க போயிடும்?"

பெரியவள் அவர் கட்டிலருகே குனிந்தாள். "உங்க கல்லு நிக்கும் மாமா. அதுக்குக் கீழ இருக்கிறது நிக்க மாட்டேங்குது."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி அவர் கேட்டதில்லை. அதுதான் அவரை மடக்கியது என்று நினைக்கிறேன். பெரியவள் ஆஸ்பத்திரியில் பார்த்த மாதிரியே அவரை ஒரு பக்கம் புரட்டி, விரிப்பை அடியில் செருகி, நான்கு மூலையையும் முறுக்கிப் பிடிக்கக் கொடுத்தாள். தூக்கம் கலையாத கண்ணோடு மகன் தலைமாட்டில், மருமகள்கள் இரண்டு பக்கமும், குழந்தையை முந்தானையால் மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டு நான் கால்மாட்டில். கூடத்தைக் கடக்கும்போது தரை இல்லாத இடத்தில் நடக்கிற மாதிரி ஒரு நினைப்பு எனக்கு. என் கடையில் வெட்டுத்துணிகளுக்கு நடுவில் அவரைப் படுக்கவைத்தோம்.

அதற்குள் மழை விட்டிருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு மேகம் விலகி வெயில் அடித்தது. மேல்வரிசையில் நின்றவர்களில் சிலருக்கு அசட்டுத்தனமாகக்கூட இருந்தது. அடுப்பில் வைத்ததை எடுத்துவிட்டு வருகிறேன் என்று ஒருவர் படியிறங்கப் பார்த்தார். முட்டைக்காரி அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

முதலில் சத்தம் வரவில்லை. ஓடைப்பக்கம் இருந்த கொக்குகள் மொத்தமாக எழும்பின. பிறகு எதிர்வீட்டுக் கூரை ஓடுகள், காற்றே இல்லாமல், ஒன்றன்பின் ஒன்றாகக் கிணுகிணுத்தன. அதன்பிறகுதான் அது. இடி மாதிரி இல்லை. பூமி நெடுநாள் அடக்கிவைத்த மூச்சை விட்ட மாதிரி, கீழிருந்து, கால் வழியாக நெஞ்சுக்கு வந்தது. என் கடையில் மாட்டியிருந்த கத்தரிக்கோல்கள் தாமாகவே ஆடின.

வீடு விழவில்லை. இறங்கியது. முன்பாதி தெருவோடு நின்றுகொண்டது. பின்பாதி, மேஜையிலிருந்து பட்டுத்துணி நழுவுகிற மாதிரி, அவசரமே இல்லாமல் சரிந்து போயிற்று. திறந்திருந்த வாசற்கதவு வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடம் இருந்தது. கூடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கணம் வெளிர்பச்சைக் கதவுகள் எல்லாம் ஒன்றாகத் திறந்துகொண்டதைப் பார்த்தேன். மறுகணம் அங்கே வானம். வெயிலடிக்கிற, கழுவின மாதிரி நீலமான வானம். அதற்குக் கீழே ஓடையின் அக்கரை. கீழ்வரிசைத் தகரக் கூரை இருந்த இடத்தில் செம்மண் மட்டும் ஆவி பறக்க நகர்ந்துகொண்டிருந்தது.

கீழ்வரிசைக்காரர்கள் ஒருவர் தோளை ஒருவர் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள், பேர் சொல்லி எண்ணினார்கள், எண்ணி முடித்து மறுபடி முதலிலிருந்து எண்ணினார்கள். எல்லாரும் இருந்தார்கள். முட்டைக்காரி என்னிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு தெருவிலேயே உட்கார்ந்தாள். அது தூக்கம் கலையவே இல்லை.

"போச்சா?" என்று உள்ளேயிருந்து மாமனார் கேட்டார்.

"பாதி போச்சு மாமா," என்றாள் சின்னவள்.

பெரியவள் மட்டும் என் கடைச் சுவரோரம் நின்று, தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இழுப்பறையைத் தள்ளின கைகள். சின்னவள் போய் அந்தக் கைகளைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, வேலை செய்யும்போது நிற்கிற மாதிரியே, மூச்சை அடக்கி நின்றாள்.

மறுநாள் காலை நகராட்சி ஆட்கள் வந்து கயிறு கட்டினார்கள். லாரிக்காரனும் சேதி கேட்டு வந்து சேர்ந்திருந்தான். எல்லாரும் கயிற்றுக்கு இந்தப் பக்கம், பக்கத்துச் சந்தில் நின்று பார்த்தோம். வெட்டுப்பட்ட சரிவில், சமையலறை இருந்த இடத்துக்குக் கீழே எங்கிருந்தோ, தண்ணீர் வந்துகொண்டிருந்தது. சேற்றுத் தண்ணீர் இல்லை. கண்ணாடி மாதிரித் தண்ணீர், ஒரு ஆள் தொடையளவு கனத்தில், பாறை இடுக்கிலிருந்து வளைந்து விழுந்தது. நேற்றுப் பிறந்தது இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது. அது வந்த வழியில் கல்லெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. வீடு கட்டுவதற்கு முன்னாலேயே, நாங்கள் இந்தத் தெருவுக்கு வருவதற்கு முன்னாலேயே, அது அங்கே ஓடிக்கொண்டு இருந்திருக்கிறது. அதன்மேல் சமைத்தார்கள், சண்டை போட்டார்கள், தூங்கினார்கள்.

மாமனார் தன்னையும் கொண்டுபோய்க் காட்டச் சொன்னார். இரண்டு மகன்களும் நாற்காலியோடு தூக்கிவந்தார்கள். வீட்டைப் பார்த்து அழுவார் என்று நினைத்தோம். அவர் வீட்டைப் பார்க்கவே இல்லை.

"இத்தனை காலமும் இது மேலயா படுத்திருந்தேன்?" என்றார்.

அவர் இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோகச் சொன்னார். நகராட்சி ஆள் கையை நீட்டி மறித்தான். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கையை இறக்கி, கயிற்றை அவரது முழங்கால்வரை தளர்த்திக் கொடுத்தான். அவர் காதைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். நாங்களும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டோம்.